டொல்பின் பாக்க வந்த ஆக்கள்

கண்டறியாத டொல்பின். கண்டறியாத பறவை. மூக்கு இருக்கோ விழுந்திட்டுதோ எண்டு தடவிப் பாக்கவேண்டியிருக்கிற இந்தக் குளிருக்குள்ள, போட் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டு, இனிக் குதிச்சு ஓடேலாத தூரத்துக்கு வந்தாப் பிறகு, இந்த மனுசன் என்ர தொப்பியை ஒரு பக்கத்தால உயர்த்திக் காதுக்குள்ள சொல்லுது: "மேல்தட்டில நிக்கிற ஆக்கள் ஒஸ்லோவில இருந்து வந்தவை. எங்கட சாம்பவியைப் பாக்க. பெடியன் எஞ்சினியர். நீர் ஒண்டும் காட்டிக்கொள்ளாதையும், என்ன." ஒண்டும் காட்டிக்கொள்ளக்கூடாதாம். முகத்தை நான் என்ன செய்ய, கழட்டிக் கைப்பைக்குள்ள வைக்கவோ? முப்பது வரியம் இந்த முகத்தோட குடும்பம் நடத்தின மனுசனுக்கு, இதில கோபம் வந்தால் மறையாதெண்டு தெரியாதோ? தெரியும். அதுதான் காலமை வீட்டில வைச்சுச் சொல்லேல்லை. காரில சொல்லேல்லை. போட்டில ஏறேக்க கையைப் பிடிச்சு ஏத்திவிட்டுது, அப்பவே நான் யோசிச்சிருக்கவேணும், எந்தக் காலத்தில இது என்ர கையைப் பிடிச்சது. கடலுக்குள்ள கொண்டுவந்து வைச்சுச் சொன்னால் இவள் என்ன செய்வாள், கத்தினால் பிள்ளைக்குத் தெரிஞ்சுபோகும், அப்ப வாயை மூடிக்கொண்டு நிப்பாள். நல்ல மூளை. பிள்ளை அங்கால முன்பக்கத்தில, போட்காரர் எல்லாருக்கும் குடுத்த செம்மஞ்சள் குளிருடுப்புக்குள்ள புதைஞ்சுபோய், தூரக்கண்ணாடியைக் கண்ணில வைச்சபடி நிக்கிறாள். தகப்பன் ஆசையாப் பறவை காட்டக் கூட்டிக்கொண்டு வந்ததெண்டுதான் அவள் நினைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

ரெண்டு வரியத்துக்குப் பிறகு வந்திருக்கிறாள். ரெண்டு வரியம் அவளின்ர அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாத்தி மாத்திப் போட்டனான், படுக்க ஆளில்லாத கட்டிலுக்கு. எல்லாம் இந்த மனுசன் அவளின்ர படத்தையும் சாதகத்தையும் வட்சப்பில ஊர் உலகமெல்லாம் பறக்கவிட்டதால வந்த வினை. லண்டனில இருந்து ஆரோ ஒருத்தன், பேர்கனில அவள் வேலை செய்யிற பல் கிளினிக்குக்கே ரெலிபோன் எடுத்து, ஒரு நோயாளியின்ர வாய்க்குள்ள கையை வைச்சுக்கொண்டு நிண்டவளைக் கூப்பிட்டு, உங்கட உயரம் எவ்வளவு எண்டு கேட்டிருக்கிறான். அவள் எங்களுக்கு எடுத்துக் கத்தேல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, ரெண்டுபேரும் அழுது முடிச்சிருப்பம். "எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்" எண்டு மெதுவாச் சொல்லிப்போட்டு வைச்சவள்தான், நத்தாருக்கும் வரேல்லை, பொங்கலுக்கும் வரேல்லை, என்ர காலில ஒப்பரேசன் செய்யேக்கயும் வரேல்லை, பூ மட்டும் வந்தது. போன வெள்ளிக்கிழமை வந்து, கோட்டுக்கூடக் கழட்டாமல் குசினி வாசலில நிண்டு சொன்னாள், "இன்னொருக்கா அப்பிடி ஏதும் நடந்தால் நான் இந்தப் படி மிதிக்கமாட்டன். உங்கள் ரெண்டுபேருக்கும்தான் சொல்லுறன்." இந்த மனுசன் முருகன்ர படத்துக்கு முன்னால போய் நிண்டு சத்தியம் பண்ணிச்சுது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். கையைத் தூக்கேக்கயே இந்த ஒஸ்லோ ஆக்களுக்கு ரிக்கெற் புக் பண்ணியாச்சு. முருகன் என்ன செய்வார், பாவம், நோர்வே வரைக்கும் வந்து எங்கட வீட்டுச் சுவரில தொங்கிறதே அவருக்குப் பெரிய தண்டனை.

போட் ஒருக்காத் தூக்கி அடிக்குது. கம்பியைப் பிடிக்கிறன். டீசல் மணம். இந்த மணமும் தண்ணியும் சேர்ந்தால் எனக்கு வேற ஒரு வள்ளம் ஞாபகம் வரும், வரக்கூடாதெண்டு நினைச்சாலும் வரும். கிளாலிக் கடலில, சண்டைக் காலத்தில, குப்புறப் படுத்துக்கொண்டு, பக்கத்தில ஆற்றையோ குழந்தை என்ர பாவாடையில சத்தி எடுக்க, துடைக்கக்கூடக் கையை உயர்த்தாமல், தலைக்கு மேல நேவியின்ர வெளிச்சம் வருகுதோ வருகுதோ எண்டு பயந்து பயந்து வந்தனான். எதுக்கு? படத்தில மட்டும் கண்ட ஒரு மனுசனைக் கலியாணம் கட்ட. கரையில கால் வைச்ச உடனே இனி வள்ளம் போட் ஒண்டிலயும் ஏறமாட்டன் எண்டு நினைச்சனான். வந்த இடம் பாருங்கோ, மூண்டு பக்கமும் கடல். ஆனால் அந்தக் கடலைக்கூட நான் பாத்தது குறைவு. பதினேழு வரியம் மீன் பக்டறியில, கண்ணாடியெல்லாம் பனி படிஞ்ச யன்னலுக்கு இஞ்சால நிண்டு, பெல்ட்டில வாற மீனை வெட்டி வெட்டி, கை விறைச்சு, விறைப்பு எலும்புக்குள்ள போய், இரவில சுடுதண்ணிக்குள்ள கையை வைச்சால் ஊசி குத்திற மாதிரி இருக்கும். கடல் எண்டால் எனக்கு மணம்தான். பறவை எண்டால் பக்டறிச் சுவரில வரிசையாக் கூடு வைச்சு, நாள் முழுக்கக் கத்தி, ஆக்களின்ர தலையில எச்சம் போடுற அந்த வெள்ளைச் சனியனுகள்தான். நாங்கள் ஏசுவம். சாம்பவி மட்டும், அப்ப சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்து, கவிழ்த்து வைச்ச மீன்பெட்டியில இருந்து அதுகளையே அண்ணாந்து பாத்துக்கொண்டிருப்பாள். "அம்மா, மேல மூலையில இருக்கிறது ரெண்டு குஞ்சு பொரிச்சிட்டுது" எண்டு, நான் களைச்சு விழுந்து வெளியில வாற நேரம், தேத்தண்ணிகூடக் குடிக்கமுதல் சொல்லுவாள். நான் ஒரு நாளும் நிமிர்ந்து பாக்கேல்லை. சரி, ஓம், நட எண்டு இழுத்துக்கொண்டு போனனான். காலமை, தகப்பன் டொல்பின் பாக்கப் போவம், கல்லில கூடு கட்டிற பறவையளும் இருக்காம் எண்டு சொன்ன உடனே, இருபத்தெட்டு வயசுப் பொம்பிளை ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடிச்சாள். அப்பா, நீங்கள் மறக்கேல்லை எண்டாள். அந்த மனுசன் அப்பவும் சிரிச்சுக்கொண்டு நிண்டுது. எப்பிடிச் சிரிக்க ஏலுமாய் இருந்தது? எனக்கெண்டால் அதுதான் எல்லாத்திலயும் ஆறேல்லை.

கல்லு வந்திட்டுது. கடலுக்குள்ள இருந்து நேரா எழும்பின கறுப்பு மலை, அது முழுக்கப் பறவை. வழிகாட்டிப் பெட்டை மைக்கில சொல்லுறாள், இடது பக்கம் பாருங்கோ, மேல பாருங்கோ, சிவப்புச் சொண்டு இருக்கிறது, கறுப்புக் கோட்டுப் போட்ட மாதிரி நிமிர்ந்து நிக்கிறது. எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்புது. ஜெர்மன்காரக் கிழவனும் கிழவியும், கமராவைக் கழுத்தில தொங்கவிட்ட சீனாக்காரரும், குழந்தையைத் தோளில வைச்ச வெள்ளையனும், எல்லாரும் இடது பக்கம். மேல்தட்டில மூண்டு தலை மட்டும் திரும்பேல்லை. அந்தச் சிவப்புத் தொப்பி மனுசி, பெடியனின்ர தாயாத்தான் இருக்கும், கம்பியில நெஞ்சை வைச்சு எட்டி, என்ர பிள்ளையின்ர உச்சந்தலையைப் பாக்குது. பக்கத்தில தகப்பன், வாயை மூடிக்கொண்டு பாக்குது. பெடியன் பெரிய கமராவை வைச்சிருக்கிறான், அதின்ர குழாய் ஒரு சுரைக்காய் அளவு. மனுசி அவனின்ர விலாவில இடிக்குது, எடு, எடு எண்டு. ஆயிரக்கணக்கில பறவை நிக்கிற மலையை விட்டிட்டு அந்தச் சுரைக்காய் என்ர பிள்ளையின்ர பக்கம் திரும்புது. என்னத்தையடா எடுக்கிறாய், அந்தக் குளிருடுப்புக்குள்ள என்ன தெரியும் உனக்கு, மூக்கு நுனி தெரியும். மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாப்பினம், இவை பல் டொக்டரையே பாக்க வந்திருக்கினம். வடிவாப் பாருங்கோ. ரிக்கெற் காசுக்குப் பாருங்கோ. என்ர வாய்க்குள்ள வாறதெல்லாம் பல்லுக்குள்ளயே நிக்குது.

சொல்லவோ. போய்க் கையைப் பிடிச்சு இழுத்து, பிள்ளை, இப்பிடி இப்பிடி எண்டு சொல்லவோ. சொன்னால் இந்தப் போட்டிலயே எல்லாம் முடிஞ்சுது, கரைக்குப் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாள், இனி ரெண்டு வரியமில்லை, என்ர செத்தவீட்டுக்கும் பூ மட்டும்தான் வரும். சொல்லாமல் விட்டால்? சொல்லாமல் விட்டால் ஒண்டும் தெரியாமலே போகலாம். பெடியனுக்குப் பிடிக்கேல்லை எண்டு அவை போகலாம். அவை போனால் இந்த நாள் வடிவான நாளாவே இருந்திடும், அவளுக்கு அப்பா, டொல்பின், பறவை. அப்பிடித்தான் நல்ல சனம் எல்லாம் பொய்யை வளர்க்குது. என்னையும் அப்பிடித்தான் பாத்தவை. சன்னதி கோயிலில, ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா காலமை எழும்பி, நீலச் சீலையைக் கட்டு பிள்ளை, அது உனக்கு எடுப்பா இருக்கு எண்டா. கோயிலுக்குத்தானே எண்டு கட்டினன். மடத்தடியில நிண்டு சிரிச்சன், என்ர சிநேகிதி ஒருத்தியோட சேர்ந்து கச்சான் கடலை வாங்கிக் கொறிச்சன், தோலை ஊதி ஊதிப் பறக்கவிட்டன், அதையெல்லாம் ஒரு தூணுக்குப் பின்னால நிண்டு இவரின்ர தாயும் தமக்கையும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கினம். பிறகு எல்லாம் முடிவானாப் பிறகு எனக்குச் சொல்லிச்சினம். நான் அழுதன். கலியாணத்துக்கு அழேல்லை, அந்தக் கச்சானுக்குத்தான் அழுதன், தெரிஞ்சிருந்தால் அப்பிடி வாயைத் திறந்து சிரிச்சிருக்கமாட்டன். அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு, எனக்கும் அப்ப தெரியாது பிள்ளை, தெரிஞ்சால் உனக்குச் சொல்லாமல் விடுவனோ எண்டா. நம்பினன். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் கிளாலி தாண்டினன். பன்னிரண்டு வரியத்துக்குப் பிறகு, அம்மா செத்து மூண்டாம் மாதம், கனடாவில இருந்து சித்தி ஏதோ கதையில சொல்லுறா, "கொம்மாதானே அந்த நீலச் சீலையைத் தெரிஞ்செடுத்தவ, வந்த ஆக்களுக்கு அடையாளம் தெரியவேணுமெண்டு." செத்த மனுசியோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? இண்டைக்கும் தீரேல்லை எனக்கு. திவசத்துக்குச் சமைக்கேக்க, கத்தரிக்காயை வெட்டுற வெட்டில தெரியும்.

"இஞ்சருங்கோ" எண்டு மனுசனை இழுத்துக்கொண்டு கபின் மறைவுக்குப் போனன். "உங்களுக்கு மூளை கழண்டுபோச்சோ? அண்டைக்குச் சத்தியம் பண்ணின வாய்தானே இது?" அது நாலு பக்கமும் பாக்குது. "சத்தம் போடாதையும். சும்மா பாத்திட்டுப் போகட்டும் எண்டுதானே. பிடிச்சால் பேந்து ஆறுதலாச் சொல்லுவம், எங்கேயோ கண்டவையாம், கேக்கினமாம் எண்டு." "பேந்து சொல்லுறதோ. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறியள்." "நீர்தானே அழுதனீர், கட்டிலுக்கு விரிப்புப் போட்டுப் போட்டு. அவளுக்கு ஒரு குடும்பம் எண்டு ஒண்டு வந்தால், குழந்தை குட்டி எண்டால், எங்களிட்டை வந்துதானே ஆகவேணும்." அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. இந்த மனுசனுக்கு மருமகன் தேவையில்லை, மகள்தான் தேவை. மகளைப் பிடிச்சு வைக்க ஒரு கயிறு தேடித் திரியுது, ஏற்கனவே கயிறு போட்டுத்தான் மகள் அறுத்துக்கொண்டு ஓடினவள் எண்டு மண்டையில ஏறேல்லை. மூக்கால தண்ணி வடியுது அதுக்கு, துடைக்கவும் இல்லை. அந்த ரெண்டு வரியமும் பின்னேரத்தில அவளின்ர அறைக்குள்ள போய், லைற்றைப் போட்டு, ஒண்டும் செய்யாமல் நிண்டிட்டு, லைற்றை நூத்துப்போட்டு வாறதைக் கண்டிருக்கிறன். பாவம் எண்டு ஒரு நினைப்பு வருகுது. வரக்கூடாது. பாவம் பாத்துப் பாத்துத்தான் இந்த மனுசன் இவ்வளவுக்கு வந்தது. "உதுகள் இப்ப கீழ இறங்கினால் நான் பேசாமல் நிக்கமாட்டன்" எண்டன். "என்ர ராசாத்தியெல்லே" எண்டுது. முப்பது வரியத்தில முதல் ராசாத்தி.

"அம்மா! இஞ்ச வாங்கோ, கெதியா!" எண்டு பிள்ளை கத்துறாள். போறன். கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு, கால் வழுக்க வழுக்கப் போறன். என்னை முன்னுக்கு விட்டு, பின்னால நிண்டு ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கிறாள், நான் விழுந்திடுவனாம். தூரக்கண்ணாடியை என்ர கண்ணில வைச்சு உருளையைத் திருப்புறாள். "அந்த வெடிப்புக்குள்ள, தெரியுதோ? எங்கட பக்டறிச் சுவரில இருந்ததுகளின்ர சொந்தக்காரர்." தெரியுது. ஒரு பறவை கொஞ்சப் பாசியை வைச்சுக் காலால மிதிச்சு மிதிச்சுக் கூட்டை இறுக்குது. கண் கறுப்பா, சுத்தமா இருக்கு. இவ்வளவு வடிவான சாமானையோ நான் பதினேழு வரியம் சனியன் எண்டு ஏசினனான்? பிள்ளையின்ர நாடி என்ர தோளில இருக்கு, கதைக்கேக்க அசையிறது தெரியுது. பேர்கனில ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறாளாம், ரெண்டு அறையாம், "ஒண்டு நீங்கள் வந்து நிக்க" எண்டாள். இப்ப சொல்லு, இப்ப சொல்லு எண்டு ஒண்டு உள்ளுக்கு இருந்து இடிக்குது. பிள்ளை எண்டு வாயைத் திறக்கிறன். "என்னம்மா?" "ஒண்டுமில்லை, குளிருது." அவள் என்ர கையைப் பிடிச்சுத் தன்ர கையுறைக்குள்ளயே செருகிக்கொண்டாள். அதுக்குள்ள சூடா இருந்தது. அறுந்துபோன வாய், வேண்டாத இடத்திலெல்லாம் கத்தும், வேண்டிய இடத்தில குளிருது எண்டு சொல்லும். ரெண்டு அறை எண்டு சொன்னவளிட்டை எப்பிடிச் சொல்லுறது? நாளைக்குச் சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், சீலை தெரிஞ்செடுத்துக் குடுத்த அம்மாவும் இப்பிடித்தான் நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டிருப்பாவோ, முருகா, அப்பிடித்தானோ எல்லாரும்.

டொல்பின் வந்தது நான் காணேல்லை, சத்தம்தான் கேட்டது, எல்லாரும் ஒரே மூச்சில ஓ எண்டிச்சினம். பிறகு கண்டன். போட்டுக்குப் பக்கத்திலயே, தொட்டுவிடுற கிட்டத்தில, முதுகு ஒண்டு வளைஞ்சு வந்து போகுது, பின்னால இன்னொண்டு, குட்டி ஒண்டு தாயின்ர விலாவோட ஒட்டிக்கொண்டு. மூச்சு விடுற சத்தம் மனுசர் விடுற மாதிரியே இருக்கு. ஒண்டு தண்ணிக்கு மேல முழுசா எழும்பி, வயிறு வெள்ளையாத் தெரிய, விழுந்து எங்கள் எல்லாரிலயும் தெறிச்சுது. என்னையறியாமல் நானும் சிரிச்சுப்போட்டன். சாம்பவி சின்னப்பிள்ளை மாதிரிக் குதிக்கிறாள், கண்ணால தண்ணி ஓடுது, வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லுத் தெரியச் சிரிக்கிறாள். அந்த நேரம் பாத்து என்ர பிடரிக்குப் பின்னால கிளிக் கிளிக் கிளிக். திரும்பிப் பாத்தால் மூண்டு பேரும் கீழ இறங்கி வந்திட்டினம். அந்தப் பெடியன் டொல்பினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ர பிள்ளையின்ர சிரிப்பை எடுத்துக்கொண்டு நிக்கிறான். எனக்குச் சன்னதி கோயில் தூணும் அந்தக் கச்சானும்தான் ஞாபகம் வந்தது.

டொல்பின் போய்ச் சனம் கொஞ்சம் ஆற, அந்த மனுசி நடிக்கத் தொடங்கிச்சுது. "ஆ, நீங்கள் தமிழோ! இந்தத் தொங்கலில தமிழாக்களோ! எவ்விடம் ஊரில?" என்ர பிள்ளை, அப்பாவி, சந்தோசத்தில நிக்கிறவள், வணக்கம் சொல்லி, "இது என்ர அம்மா, அது அப்பா, இந்த ஊரிலதான் இருக்கிறம்" எண்டு எங்களை அறிமுகப்படுத்துறாள். இந்த மனுசன் முன்பின் காணாதவர் மாதிரிக் கையை நீட்டி, "ஓ அப்பிடியே, சந்தோசம் சந்தோசம்" எண்டுது. நாடகத்துக்குப் போயிருந்தால் நாலு காசு பாத்திருக்கும். மனுசி சாம்பவியைச் சுத்தி வருது. "தொப்பியைக் கழட்டு பிள்ளை, காத்தில பறந்திடும்." தலைமயிர் எவ்வளவு எண்டு பாக்க. கழட்டினாள், மரியாதைக்கு. "நல்ல நிறம்" எண்டு தன்ர மனுசனுக்குக் குசுகுசுத்தது எனக்குக் கேட்டுது. பிறகு பைக்குள்ளால தேத்தண்ணி நிரப்பின சுடுதண்ணிப் போத்தலையும் கடதாசிக் கப்பையும் எடுத்து, "எனக்குக் கை விறைச்சுப்போச்சு, இதை ஒருக்கா எல்லாருக்கும் ஊத்தித் தாறியே பிள்ளை?" எண்டுது. கை விறைச்ச மனுசி போத்தலை எப்பிடித் திறந்தது? ஓம் அன்ரி எண்டு பிள்ளை வாங்கினாள். முதல் கப்பை ஊத்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சு, குனிஞ்சு, அந்தப் பெடியனின்ர தகப்பனிட்டை நீட்டினாள். பெரிய ஆளுக்கு முதல் குடுக்கவேணுமெண்டு நான்தான் பழக்கினனான். நடுக்கடலில, ஆட்டத்தில சிந்தாமல், தனக்கே தெரியாமல், பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்கு என்ர பிள்ளை தேத்தண்ணி குடுக்கிறாள்.

"சாம்பவி, ஊத்தாத. அதைக் கீழ வை." என்ர குரல்தான், ஆனால் பக்டறியில பெல்ட்டை நிப்பாட்டு எண்டு கத்துற குரல். ஜெர்மன்காரக் கிழவன் திரும்பிப் பாத்தான். "உவை டொல்பின் பாக்க வரேல்லை. உன்னைப் பாக்க வந்தவை. கொப்பர் கூப்பிட்டவர்." மனுசி, "ஐயோ அப்பிடி இல்லைத் தங்கச்சி, சும்மா" எண்டு இழுக்க, "பொம்பிளை பாக்கிறதெண்டால் பொம்பிளைக்குச் சொல்லிப்போட்டுப் பாருங்கோ. அவளென்ன மலையில இருக்கிற பறவையோ, குழாய் வைச்சுப் பாக்க?" எண்டன். சாம்பவி போத்தலை மூடினாள், ஆறுதலா, புரி பிடிக்கும்வரைக்கும் திருகி மூடி, மனுசியின்ர கையில குடுத்தாள். பிறகு பெடியனிட்டைக் கையை நீட்டினாள். நோர்வே மொழியில, வாயைத் திறவுங்கோ எண்டு நோயாளிக்குச் சொல்லுற மாதிரி, "கமராவைத் தாங்கோ" எண்டாள். அவன் காது ரெண்டும் சிவந்து குடுத்தான், மன்னியுங்கோ எண்டு ஏதோ முணுமுணுத்தான். கையுறையைக் கழட்டிப்போட்டு ஒண்டொண்டா அழிச்சாள். எட்டிப் பாத்தன். அவள், அவள், அவள், ஒரு டொல்பின் வால், அவள். டொல்பினை மட்டும் விட்டிட்டுக் கமராவைத் திருப்பிக் குடுத்தாள். தகப்பனைப் பாக்கவே இல்லை. அங்க ஒரு ஆள் நிக்கிறதே தெரியாத மாதிரித் திரும்பி, என்னைப் பாத்துக் கேட்டாள், "உங்களுக்கு எப்ப தெரியும்?"

நான் வாயைத் திறக்கமுதல் மனுசன் முந்திக்கொண்டுது. "கொம்மாவுக்கு இப்பதான் தெரியும். உவை கீழ இறங்கேக்கதான் சொன்னனான். அவவோட கோவியாத பிள்ளை, எல்லாம் நான்தான்." சொல்லிப்போட்டு என்னைப் பாத்துது. அந்தப் பார்வையை நான் இதுவரைக்கும் கண்டதில்லை, பிடிச்சுக்கொள்ளும், நீராவது தப்பும் எண்ட மாதிரி. ஐயோ, இந்த மனுசன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். பேர்கனில எனக்கு ஒரு அறை இருக்கும். கையைக் கையுறைக்குள்ள வைச்சுக்கொள்ளலாம். ஒரு குருவிக்கும் தெரியவராது, அண்டைக்கு எனக்குப் போட்டுடைச்ச சித்தியும் செத்துப்போனா, கடலுக்குள்ள சொன்ன கதை கடலோட போகும். அவளின்ர கண்ணைப் பாத்தன். ஓம் எண்டு சொல்லுங்கோ எண்டு அந்தக் கண் என்னைக் கெஞ்சிச்சுது, மெய்யாக் கெஞ்சிச்சுது. "இல்லைப் பிள்ளை" எண்டன். "போட் வெளிக்கிட்ட உடனேயே சொன்னவர். நீ என்னைக் கட்டிப்பிடிச்சு அந்தப் பறவையைக் காட்டேக்க எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான்."

அதுக்குப் பிறகு போட் கரைக்குத் திரும்பிச்சுது. பறவையள் கொஞ்சத் தூரம் பின்னால வந்து திரும்பிப் போச்சுதுகள். ஒஸ்லோ ஆக்கள் கபினுக்குள்ள போய்க் கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திச்சினம். கரையில சாம்பவி குளிருடுப்பைக் கழட்டிக் குடுத்து, காரடிக்குப் போய், டிக்கியைத் திறந்து தன்ர பையை எடுத்தாள். எயார்போட் பஸ் துறைமுகத்தடியிலதான் நிக்கும். நல்லகாலம், எல்லாத்தையும் பைக்குள்ளயே வைச்சு, எங்க போனாலும் பையையும் காரில போட்டுக்கொண்டு திரிஞ்சவள், நம்பி அலுமாரியில அடுக்கியிருக்கேல்லை. நான் பின்னால ஓடினன், ஒப்பரேசன் செய்த காலோட. "நானும் வரட்டே?" "வேண்டாம்." "சாப்பிட ஏதும்—" "வேண்டாமம்மா." பஸ்ஸில ஒரு காலை வைச்சவள், திரும்பி நிண்டாள். முகம் தகப்பன்ர முகம், கோபம் என்ர கோபம். "நீங்கள் பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன்" எண்டாள். "ஓம், தெரியும்" எண்டன். சாரதி பாத்துக்கொண்டிருக்கிறான். "நாளைக்கு உங்களுக்கு ரெலிபோன் எடுக்கிறன். உங்களுக்கு மட்டும்" எண்டிட்டு ஏறினாள், கதவு பூட்டிச்சுது.

திரும்பி வாறன். மனுசன் காருக்கு வெளியிலதான் நிக்குது, தொப்பியும் இல்லாமல், கார்த் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு. வாற வழி முழுக்க ஏசவேண்டியதெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தனான், எங்க தொடங்கிறதெண்டும் முடிவெடுத்திட்டன். கிட்டப் போனதும் அது கேக்குது, "என்னவாம்?" "நாளைக்கு எனக்கு எடுப்பாளாம்." தலையை ஆட்டுது, ஆட்டிக்கொண்டே இருக்குது. பிறகு, பாடம் விளங்காத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, என்ர முகத்தையே பாத்துக்கொண்டு, "என்னைப் பற்றி ஏதும் சொன்னவளே?" எண்டு கேட்டுது. சொன்னவள், சுகமா இருக்கச் சொன்னவள், மருந்தை நேரத்துக்குப் போடச் சொன்னவள் எண்டு சொல்ல ஒரு நிமிசமும் செல்லாது. குளிரில அதின்ர உதடு நீலமாப் போயிருந்தது.

"இல்லை" எண்டன்.